ஐப்பசியில் வந்து பங்குனியில் போகிறவர்கள்

ஐப்பசி பிறந்தால் கோடியக்கரைக் கடலோரத்தில் கீற்றுக் கொட்டகைகள் எழும்பிவிடும். நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்து மீனவர்கள் படகு, வலை, சட்டி பானை, பிள்ளைகுட்டிகளோடு வந்து தங்கி, பங்குனி வரை தொழில் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அதே ஐப்பசியில்தான் திபெத்துப் பக்கத்து ஏரிகளிலிருந்து கடற்காகங்களும் சைபீரியாவின் வடகோடியிலிருந்து உள்ளான்களும் வந்து இறங்கும். இமயமலை அடிவாரத்திலிருந்தோ மத்திய இந்தியக் காடுகளிலிருந்தோ ஓர் ஆறுமணிக்குருவி எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்து சேரும். சின்ன வயதில் இவையெல்லாம் எனக்கு ஒரே கூட்டம். எங்கள் வேதாரண்யம் ஒரு சீசன் ஊர். வருகிறவர்கள் வருவார்கள், போவார்கள். நிரந்தரமாக இருக்கிற நாங்கள் வேடிக்கை பார்ப்பவர்கள்.

எங்கள் வீடு மணல்மேட்டில் இருக்கிறது. கொல்லையில் மாமரங்கள், வேலியோரம் தென்னை, கிணற்றடியில் முருங்கை, வேலிக்குக் கிளுவை. அப்பா அகஸ்தியம்பள்ளிப் பக்கம் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதினார். ஆகவே எனக்குப் பறவை பார்க்க இரண்டு இடங்கள் வாய்த்தன: அம்மாவின் கொல்லை, அப்பாவின் உப்பளம். இரண்டுக்கும் இடையில் சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் இரண்டு இடங்களிலும் பார்க்கிற விதமே வேறு. கொல்லையில் ஒரு பறவையைப் பார்ப்போம். உப்பளத்தில் பறவைகளைப் பார்ப்போம்.

ஆறுமணிக்குருவியைக் கொல்லையில் முதலில் கண்டது அம்மாதான். வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்னே ஒரு விடியலில் கிணற்றடியில் அசையாமல் உட்கார்ந்திருந்ததாம். கோழிக்குஞ்சு என்று நினைத்து எடுக்கப் போயிருக்கிறாள். இந்தப் பறவைகள் இரவில் பயணம் செய்பவை. விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி வீட்டுக்குள்ளும் மொட்டை மாடியிலும் விழுவது தமிழ்நாட்டு ஊர்களில் ஒவ்வோர் ஐப்பசியிலும் நடக்கிறதுதான். அம்மா அதன் மேல் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து, பூனை போகிற வரை காவல் இருந்து, பிறகு கூடையைத் தூக்கினாள். அது பறந்துவிடவில்லை. தத்தித் தத்தி மாமரத்தடிச் சருகுக்குள் போய்விட்டது. பங்குனி வரை அங்கேயே இருந்தது.

கிட்டத்தில் பார்த்தால் ஒரே உடம்பில் இத்தனை நிறம் எதற்கு என்று தோன்றும். முதுகு பச்சை, இறக்கையில் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு, கண்ணை ஒட்டி அகலமான கறுப்புப் பட்டை, அதன் மேலே வெள்ளைப் புருவம், வயிறு சந்தனம், வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்குக் குட்டை. இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு சருகில் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. நான்கு தத்து, ஒரு நிறுத்தம். அலகால் ஓர் இலையைத் தூக்கி ஓரமாக எறியும். தலையைச் சாய்க்கும். மண்ணில் குத்தி மண்புழுவைப் பிடித்து, அறுந்துவிடாதபடி பின்னால் சாய்ந்து மெதுவாக இழுக்கும். இழுத்து முடிந்ததும் அந்தக் குட்டை வால் மேலும் கீழும் நிதானமாக ஆடும். விடிகிற நேரத்தில் ஒன்று, பொழுது சாய்கிற நேரத்தில் ஒன்று என இரண்டு சுரத்தில் உரக்கச் சீட்டி அடிக்கும். அந்த நேரத்தை வைத்துத்தான் அதற்கு அந்தப் பெயர்.

அந்த வருஷத்திலிருந்து அம்மா ஐப்பசி முதல் பங்குனி வரை மாமரத்தடியைப் பெருக்குவதை விட்டுவிட்டாள். வாசலில் மார்கழிக் கோலம் போடுவதற்கு விளக்குமாறு தேயத் தேயப் பெருக்குகிறவள், கொல்லையில் சருகு முழங்கால் உயரம் கிடந்தாலும் தொடமாட்டாள். சருகைக் கூட்டிக் கொளுத்துவது எங்கள் தெருவில் வழக்கம். "பாம்பு வந்து படுக்கப் போவுது" என்று பக்கத்து வீட்டு அத்தை சத்தம் போட்டார். "வந்தா வந்துட்டுப் போவுது, அதுவும்தான் எங்க போவும்" என்றாள் அம்மா. பறவைக்காகத் தோட்டம் அமைப்பது பற்றி இப்போது நிறையச் சொல்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி வை, கூண்டு மாட்டு, தானியம் போடு என்று. எங்கள் கொல்லைக்கு வருகிற வலசைப் பறவைகள் பூச்சி புழு தின்பவை. அவற்றுக்குத் தானியம் எதற்கு? பெருக்காமல் விட்ட மண்தான் வேண்டும்.

சருகு கிடந்ததால் மற்றவையும் வந்தன. கொடிக்கால் வாலாட்டி கிழக்குச் சீனா, கொரியாப் பக்கத்திலிருந்து வருவது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும்; இது பின்னுடம்பையே பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு மர நிழலில் நடக்கும். ஆள் வந்தால் கிளைக்கு ஏறி, கிளை மேலேயும் அதே நடை. கிணற்றடியில் தேங்குகிற தண்ணீருக்கு மாலையில் அரசவால் ஈபிடிப்பான் வரும். நீண்ட வெள்ளை வால் ரிப்பன்களோடு ஆண் வந்த நாட்களில் அம்மா துவைப்பதை நிறுத்திவிட்டு நிற்பாள். வேலிக் கிளுவையில் ஒரு பழுப்புக் கீச்சான். வந்த முதல் வாரம் முழுக்க கரகரத்த குரலில் கத்தி எல்லை போடும். பிறகு யாரும் அதன் வேலிக்கு வரமாட்டார்கள், அதுவும் கத்தாது. இவற்றையெல்லாம் எனக்குப் பெயர் சொல்லித் தந்தது க. ரத்னத்தின் ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ புத்தகம். அம்மாவுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. கீச்சானுக்கு அவள் வைத்த பெயர் தாசில்தார்.

ஒவ்வோர் ஆண்டும் வருவது அதே ஆறுமணிக்குருவிதானா என்று கேட்பேன். "வேற யாரு வருவா? வழி தெரிஞ்சதுதான வரும்" என்பாள். காலில் வளையம் போடாத பறவையைப் பற்றி யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் வலசைப் பறவைகள் பலவும் குளிர்காலத்தில் போன ஆண்டு தங்கிய அதே இடத்துக்கே திரும்புகின்றன என்பதை வளையமிட்டு ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

உப்பளம் வேறு உலகம். அங்கே மரம் இல்லை, நிழல் இல்லை, ஒளிந்து பார்க்க ஒரு புதர் இல்லை. அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போவேன். மழை மாதங்களில் உப்பு விளைச்சல் கிடையாது. பாத்திகள் எல்லாம் முழுகி, வரப்பு எது தேக்கம் எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராகக் கிடக்கும். பறவைகளுக்கு அதுதான் பருவம். ஓரச் சேற்றில் கொசு உள்ளான்கள், தையல் மிஷின் ஊசி ஓடுவதுபோல அலகை அடித்துக்கொண்டே நகரும். கொஞ்சம் உள்ளே, கணுக்கால் தண்ணீரில் வளைந்த அலகுள்ள உள்ளான்கள். அதற்கும் உள்ளே வயிறு நனைய நிற்கிற கருவால் மூக்கன்கள். இன்னும் ஆழத்தில் பூநாரைகள். காலின் நீளத்துக்கும் அலகின் நீளத்துக்கும் ஏற்றபடி தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்ளும். தண்ணீர் ஒரு சாண் ஏறினால் சின்னவை அத்தனையும் இடத்தைக் காலி செய்துவிடும். அதனால்தான் உப்பளத்தில் பறவை தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. எங்கள் பக்கம் கடலில் ஏற்றவற்றம் பெரிதாகக் கிடையாது. காற்று எந்தத் திசையில் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்துச் சேறு முழுகும், எதிர்ப் பக்கம் வெளிப்படும். உப்பள வேலைக்காரர்கள் இதை எழுந்ததும் மூக்கை நீட்டிச் சொல்லிவிடுவார்கள்.

தை பிறந்து தண்ணீர் வடியத் தொடங்கியதும் ஆட்கள் இறங்குவார்கள். பாத்தியிலிருந்து மழைச்சேற்றை வாரி, வரப்பைத் தூக்கி, தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். வாய்க்கால் வழியாக வருகிற கடல்தண்ணீர் தேக்கத்திலிருந்து தேக்கத்துக்கு மாறி மாறி வெயிலில் சுண்டும். சுண்டச் சுண்ட மீன் சாகும், நண்டு சாகும். கடைசியில் உப்பிறால் மட்டும் கோடிக்கணக்கில் மிஞ்சும். பூநாரை அதற்குத்தான் அந்தத் தண்ணீருக்குப் போகிறது. தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழாகத் தண்ணீரில் அளைந்து, நாக்கால் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளி, இரையை மட்டும் வடிகட்டிக்கொள்ளும். அதன் இளஞ்சிவப்பே அந்த இரையில் இருக்கிற நிறமிகளிலிருந்து வருவதுதான். உப்பு பூக்கிற கடைசிப் பாத்தியில் உப்பிறால்கூட உயிர் வாழாது, பறவைக்கு அங்கே இரை இல்லை.

"என்னண்ணே, இன்னும் வரப்பு கட்டலையா?" என்று கேட்டால், அங்கே வேலை செய்த ஓர் அண்ணன், "நாரை எந்திரிக்கட்டும் தம்பி. அது நிக்கிறவரைக்கும் தண்ணி இன்னும் வெளஞ்சி வரலைன்னு அர்த்தம்" என்பார். அவர் பைனாகுலர் வழியாகப் பார்த்ததே இல்லை. பர்மா பஜாரில் வாங்கிய என் பழைய பைனாகுலரை ஒரு நாள் அவர் கையில் கொடுத்தேன். பூநாரையைப் பார்க்காமல் தூரத்தில் கங்காணி எங்கே வருகிறார் என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

பள்ளியில் எங்களை வருஷம் தவறாமல் அகஸ்தியம்பள்ளி உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணுக்கு அழைத்துப் போவார்கள். 1930இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய இடம். தூணுக்கு வெகு தொலைவில் இல்லை பறவைகள் நின்ற தண்ணீர். எந்த வாத்தியாரும் அந்தப் பக்கம் கை காட்டியதாக நினைவில்லை. அப்போது உள்ளான் என்றால் கறி. கண்ணி வைத்துப் பிடித்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, கொத்துக் கொத்தாகத் தெருவில் கொண்டு வருவார்கள். எங்கள் வீட்டிலும் சமைத்திருக்கிறார்கள். மிளகு தூக்கலாகப் போட்டால் நன்றாகத்தான் இருக்கும்.

அந்தக் கொத்திலிருந்த பறவை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது, வளையமிடுகிறவர்களால். 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் முன்முயற்சியில் 1959 முதல் வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் பெரிய வேலையை எடுத்துச் செய்தது. கோடியக்கரை அதன் முக்கியமான முகாம்களில் ஒன்று. இங்கே 1967இல் சரணாலயம் வந்துவிட்டது. பறவை பிடிப்பதற்கு பீகார்ப் பக்கத்திலிருந்து, தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலில் இருந்தவர்களை வரவழைத்தார்கள். நம்மூர்க் கண்ணிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். விற்கப் பிடித்த கை, விடுவதற்காகப் பிடித்தது.

கல்லூரி விடுமுறையில் ஒரு முறை அப்பாவின் சிநேகிதர் ஒருவர் தயவில் முகாமுக்குப் போனேன். நிலா இல்லாத இரவு வேண்டும். நிலா வெளிச்சத்தில் வலை பறவைக்குத் தெரிந்துவிடும். சேற்றில் மூங்கில் நட்டு, தலைமுடிபோல் மெல்லிய நூல் வலையைக் கட்டிவிட்டு, தொடை வரை சேறோடு காத்திருந்தோம். விழுந்த பறவைகளைத் துணிப்பையில் போட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். அரிக்கேன் வெளிச்சத்தில் ஒருவர் அளவெடுக்க, ஒருவர் எழுதினார். இறக்கை நீளம், அலகு நீளம், எடை, சிறகு எவ்வளவு உதிர்ந்து முளைத்திருக்கிறது. கொசு உள்ளான் ஒன்றை என் கையில் வைத்தார்கள். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கழுத்து இருக்க, நெரிக்காமல் பிடிக்க வேண்டும். எடை இருபது கிராமுக்கு அக்கம்பக்கம். இதயம் அடிப்பது துடிப்பாகத் தெரியாது, ஒரு நடுக்கமாகத் தெரியும். மார்பை ஊதினால் இறகு விலகி, தோலுக்குக் கீழே மஞ்சள் கொழுப்பு தெரிகிறது. மாசி, பங்குனியில் அந்தக் கொழுப்பு ஏறினால் கிளம்பப் போகிறது என்று அர்த்தமாம். வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாத நிலம்வரை போக அதுதான் கட்டுச்சோறு. காலில் மாட்டிய அலுமினிய வளையத்தில் எண்ணும், கண்டெடுப்பவர் பம்பாய்க்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆங்கில வாசகமும் இருந்தன. விட்டதும் இருட்டில் ஒரு ‘டிட்’ சத்தம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு உப்பளத்துக் கூட்டத்தைக் கூட்டமாகப் பார்க்க முடியாமல் போயிற்று. ஒவ்வொன்றின் காலையும் தேடுவேன். காலை ஒன்பதரைக்கு மேல் தேடியும் பயனில்லை. உப்புத் தரையில் கானல் எழும்பி, எல்லாப் பறவையும் நெளிய ஆரம்பித்துவிடும். 1980களின் தொடக்கத்தில் இங்கே கரண்டிமூக்கு உள்ளானுக்கும் வளையமிட்டிருக்கிறார்கள். கொசு உள்ளான் அளவுதான்; அலகு நுனி மட்டும் தட்டையாக விரிந்திருக்கும். உலகத்திலேயே இப்போது மிஞ்சியிருப்பவை சில நூறுகள்தான் என்று சொல்கிறார்கள். சேற்றில் உள்ளான் கூட்டம் மேய்வதைப் பார்த்தால் என் கண் இன்றும் தானாக அலகு நுனிக்குத்தான் போகும். கிடைத்ததில்லை. கோடியக்கரையில் பல பத்தாண்டுகள் வளையமிட்ட எஸ். பாலச்சந்திரன் சின்ன உள்ளான்கள் இங்கே எவ்வளவோ குறைந்துவிட்டன என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கண்ணிக்காரர்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. சதுப்பில் நீர் வந்து போகிற வழிகள் மாறின, உப்பளங்கள் பெருத்தன. உப்பளம் பறவைக்கு இடமும் தருகிறது, இடத்தைப் பிடுங்கவும் செய்கிறது. அப்பா சம்பளம் வாங்கிய தொழில். நான் அதை ஒரே வார்த்தையில் நல்லது, கெட்டது என்று சொல்லமாட்டேன்.

2018 நவம்பர் 16. நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. விடிந்து கொல்லைக் கதவைத் திறந்தால் வானம் தரைக்கு வந்திருந்தது. மாமரம் ஒன்றுகூட நிற்கவில்லை. தென்னைகள் இடுப்பில் முறிந்தும் வேரோடு சாய்ந்தும் கிடந்தன. எங்கள் தெரு முழுக்க, பக்கத்து ஊர்கள் முழுக்க அப்படித்தான். மா, முந்திரி, சவுக்கு, தென்னை என்று மணல்மேட்டு விவசாயி வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததெல்லாம் ஒரே இரவில் விறகாயிற்று. பறவையைப் பற்றிப் பேசுகிற நேரமில்லை அது. மின்சாரம் இல்லை, குடிதண்ணீர் இல்லை, ஓடு பறந்த வீட்டுக்குத் தார்ப்பாய் கிடைக்கவில்லை.

மார்கழியில்தான் கவனித்தேன். ஆறுமணிக்குருவியின் சீட்டி இல்லை. கொடிக்கால் வாலாட்டி இல்லை. ஈபிடிப்பான் இல்லை. நிழலும் சருகும் வேண்டியவை ஒன்றுகூட இல்லை. ஆனால் கொல்லை காலியாகவும் இல்லை. வெட்டவெளியானதும் வெட்டவெளிக்காரர்கள் வந்துவிட்டார்கள். புதிதாக இழுத்த மின்கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டான் பிடித்தன. மாமரத்து அடிக்கட்டையில் ஒரு பனங்காடை. தாசில்தார் மட்டும் பதவியை விடவில்லை. சாய்ந்த வேலியிலேயே உட்கார்ந்து முன்னைவிடப் பெரிய எல்லைக்குக் கத்திக்கொண்டிருந்தது. உப்பளத்திலோ பூநாரை வழக்கம்போல வந்து நின்றது. வலசைப் பறவைகளுக்காக அன்றைக்கு வெளியூரிலிருந்து விசாரித்தவர்கள் அத்தனை பேரும் பூநாரையைப் பற்றித்தான் கேட்டார்கள். அது பெரியது, தெரிகிறது. ஒரு தெருவின் மாமரங்கள் போனதால் எத்தனை சிறுபறவைகள் இறங்க இடமில்லாமல் மேலே போயினவோ, அதை யார் எண்ணுவது?

பூநாரை பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய லென்ஸோடு சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை கிளம்புகிறார்கள். நின்று மேய்கிற பூநாரை அவர்களுக்குப் போதாது. இறக்கையின் கறுப்பும் சிவப்பும் தெரியப் பறக்க வேண்டும். வண்டியை வரப்புவரை ஓட்டிக் கை தட்டுகிறவரைப் பார்த்திருக்கிறேன். கொல்லையில் ஆறுமணிக்குருவியைப் படமெடுக்கக் கைபேசியில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடுகிறவரும் வந்தார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து, "இப்புடிப் பொய்யாக் கூப்புட்டா அது நெசமா வர்றப்ப யாரும் இல்லாமப் போயிரும் தம்பி" என்று அனுப்பிவைத்தாள்.

புயலுக்குப் பிறகு தெருவில் பலரும் சீக்கிரம் காய்க்கிற குட்டைத் தென்னை வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வருமானம் வேண்டும். அம்மா மாங்கன்றுதான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, நடுவே கிளுவை, நொச்சி, முருங்கை என்று சும்மா வளர்கிறதையும் வெட்டவிடவில்லை. முருங்கையும் நொச்சியும் சீக்கிரமே நிழல் கொடுத்துவிட்டன. சருகு சேர்ந்தது.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. பொங்கல் நாட்களில் அவரவர் இருக்கும் இடத்தில் கால் மணி நேரமாவது பார்த்து இணையத்தில் பதிவேற்றுவது. நான் உப்பளத்துப் பட்டியலை முதலில் போடுவேன். எண்ணிக்கை பெரிதாக இருக்கும். இந்தப் பொங்கலுக்கு அம்மா விடவில்லை. கொல்லையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டாள். விடிகிற நேரத்தில் நொச்சிப் புதர்ப் பக்கமிருந்து அந்த இரண்டு சுரச் சீட்டி ஒரே ஒரு தரம் கேட்டது. வெகுநேரம் பார்த்தேன், ஆள் வெளியே வரவில்லை.

"எழுதிட்டியா?" என்றாள்.

"பார்க்கலையேம்மா."

"பக்கத்து வீட்டு அத்தை உள்ளேருந்து சத்தம் போட்டா வீட்ல இருக்காங்கன்னு தெரியாதா? எட்டிப் பாத்துட்டுத்தான் நம்புவியா? எழுது."

விதிமுறைப்படியே குரல் மட்டும் கேட்டதையும் எழுதலாம். எழுதினேன். ஆறுமணிக்குருவி, ஒன்று. அதற்குக் கீழே தாசில்தாரையும் சேர்க்கச் சொன்னாள்.